கினிப்பன்றிக்கு அடிக்கடி வயிறு கெடுவது ஏன்?

கினிப்பன்றி வளர்க்கும் வீடுகளில் அதன் தட்டைப் பார்த்தால் கேரட், வெள்ளரி, முட்டைக்கோஸ், கூடவே கடையில் விற்கும் பெல்லட் தீவனம் இருக்கும். அதுவும் ஆசையாகத்தான் தின்கிறது. கொஞ்ச நாளில் கழிச்சல், உப்புசம் என்று ஆரம்பிக்கும். மருந்து கொடுத்தால் நிற்கும். அப்புறம் மறுபடி வரும். இப்படி வந்து வந்து போகும் கோளாறுக்குக் காரணத்தை முதலில் அந்தத் தட்டில் தேடுவதுதான் சரி.

கினிப்பன்றிக்கு மாட்டைப் போல நான்கு அறை இரைப்பை கிடையாது. தின்றது சுமார் இரண்டு மணி நேரத்தில் இரைப்பையைத் தாண்டிவிடும். புல்லை உடைக்கும் வேலை நடப்பது குடலின் பின்பகுதியில், சீக்கம் என்ற பெரிய பையில். குடலில் கிடக்கும் சரக்கில் பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கும். பாக்டீரியாக்கள் அங்கே நார்ச்சத்தை நொதிக்கவைத்துக் கொழுப்பு அமிலங்களாக மாற்ற, உடல் அவற்றை எரிபொருளாக எடுத்துக்கொள்கிறது. தொழுவத்துச் சாண எரிவாயுக் கலனுக்கு என்ன விதியோ அதேதான் இதற்கும்: தினமும் ஒரே வகைச் சரக்கு போனால் ஒழுங்காக ஓடும். திடீரென்று சர்க்கரையும் மாவும் போனால் உள்ளே இருக்கும் நுண்ணுயிர்க் கூட்டம் மாறி, வாயு பெருகும். கலனுக்காவது குழாய் உண்டு. கினிப்பன்றியால் வாந்திகூட எடுக்க முடியாது.

இந்தப் பாக்டீரியாக்களை அது எளிதில் இழப்பதில்லை. பெருங்குடலின் தொடக்கத்தில் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடுகிறது. சளியில் சிக்கும் பாக்டீரியாக்கள் அதன் வழியே சீக்கத்துக்கே திரும்ப, முரட்டு நார் புழுக்கையாகி வெளியேறுகிறது. போதாததற்கு, புழுக்கையில் ஒரு பகுதியை ஆசனவாயிலிருந்தே எடுத்துத் தின்னும். பார்க்க நன்றாக இருக்காதுதான், ஆனால் தடுக்கக் கூடாது. பி வைட்டமின்களும் புரதமும் அதற்கு அப்படித்தான் கிடைக்கின்றன.

இவ்வளவையும் நகர்த்துவது நீளமான நார். நார் குறைந்தால் குடல் மந்தமாகும், வாயு சேரும், வலிக்கும். வலித்தால் தின்னாது, தின்னாவிட்டால் இன்னும் மந்தம். அரை நாள் எதையும் தொடாமல் இருந்தாலே அவசரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே தீனியில் முக்கால் பங்குக்கு மேல் புல்லாக இருக்க வேண்டும். நெல் வைக்கோல் அதற்கு ஈடாகாது. சத்து ரொம்பக் குறைவு. சேலத்துக்காரர்களுக்கு அருகம்புல்லும், மேட்டுக்காட்டில் வளரும் கொழுக்கட்டைப் புல்லும் எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. மருந்து அடிக்காத இடமாகப் பார்த்து, பச்சை மாறுமுன் அறுத்து, நிழலில் உலர்த்தினால் போதும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் சிக்கல் வேறு. மூடுபனியில் புல் சரியாகக் காயாது, பூஞ்சணம் பிடிக்கும். அந்தப் புல்லே வயிற்றைக் கெடுக்கும். கீழே உலர்ந்ததை வாங்கிப் போவது மேல். ஆனால் வெயில் காலத்தில் ஏற்காட்டுக் கினிப்பன்றிதான் கொடுத்துவைத்தது. ஆண்டிஸ் மலை வழி வந்த இந்த விலங்குக்கு 28 டிகிரிக்கு மேல் போனாலே கஷ்டம். சேலத்துச் சித்திரையில் தீனியும் குறையும், குடலும் தளரும். குதிரைமசால் (ஆல்ஃபால்ஃபா) என்ற தீவனப் பயிர், வளர்ந்த கினிப்பன்றிக்கு வேண்டாம். அதிலுள்ள அதிகச் சுண்ணாம்புச் சத்தால் சிறுநீர்ப்பையில் கல் சேரலாம். எந்த மாற்றத்தையும் ஒரு வாரம், பத்து நாளாவது எடுத்து மெதுவாகச் செய்யுங்கள்.

புல் கொடுத்தும் சரியாகவில்லையென்றால் வாயைப் பார்க்க வேண்டும். அதன் 20 பற்களும் வாழ்நாள் முழுக்க வளர்பவை. தேயாமல் வளர்ந்த கீழ்க் கடைவாய்ப் பற்கள் நாக்கின் மேல் வளைந்துவிட்டால், தின்ன ஆசை இருந்தும் முடியாது. வைட்டமின் சி குறைபாடும் பசியைக் கெடுக்கும். நம்மைப் போலவே இதற்கும் அதைத் தானாகத் தயாரிக்கத் தெரியாது. தினமும் ஒரு துண்டு குடைமிளகாயும் கொஞ்சம் கொத்தமல்லித் தழையும் கொடுக்கலாம்.

ஒன்றில் மட்டும் விளையாட்டே கூடாது. குழந்தைக்கு வாங்கி மிஞ்சிய அமாக்சிசிலின் சிரப்பைக் கழிச்சலுக்கு என்று ஊற்றிவிடாதீர்கள். பென்சிலின் வகை மருந்துகள் குடலின் நல்ல பாக்டீரியாக்களை அழிக்க, கிளாஸ்ட்ரிடியம் என்ற கெட்ட பாக்டீரியா பெருகி நஞ்சைக் கக்கும். சில நாளில் உயிரே போகலாம்.

நாள்பட்ட கோளாறு உள்ளதை வாரம் ஒரு தடவையாவது சமையலறைத் தராசில் நிறுத்து எழுதிவையுங்கள். உடம்பு சரியில்லாத நாட்களில் தினமும். ரோமம் மெலிவை மறைத்துவிடும், தராசு மறைக்காது. ஒரு கிலோ எடையுள்ளதில் 50 கிராம் இறங்கினால் கவனியுங்கள். 100 கிராம் என்றால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள். புதுப் புழுக்கை கொஞ்சத்தை டப்பாவில் எடுத்துப் போனால், ஒட்டுண்ணி இருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்க்க உதவும்.