ரிலாப்ஸ்: மீள்நோயா, மறுசரிவா?

சைக்கோசிஸ் எனப்படும் மனப்பிறழ்வு வந்து, தேறிய ஒருவருக்கு அறிகுறிகள் மறுபடி தலைதூக்குவதை மருத்துவர்கள் ‘ரிலாப்ஸ்’ என்கிறார்கள். யாருமில்லாமலே குரல் கேட்கும். பக்கத்து வீட்டுக்காரர் செய்வினை வைத்துவிட்டார் என்று அடித்துச் சொல்வார். வீட்டார் பேச்சில் இது, “திரும்ப ஆரம்பிச்சிருச்சு.”

லத்தீனில் ‘ரெ’ என்றால் மறுபடி, ‘லாபி’ என்றால் வழுக்குதல். ஐரோப்பியத் திருச்சபை விசாரணைகளில், மனந்திரும்பியபின் பழைய கொள்கைக்கே போனவரையும் இந்தச் சொல்லால்தான் குறித்தார்கள். 1431இல் பிரெஞ்சு வீராங்கனை ஜோன் ஆஃப் ஆர்க்கை எரித்ததும் இந்தப் பட்டம் கட்டித்தான். குற்றவாளி வாடை இன்னும் போகவில்லை. நோய் திரும்பினால் முதல் திட்டு நோயாளிக்குத்தான்.

தமிழில் ‘மீள்நோய்’, ‘மறுதாக்கம்’ என்கிறோம். ‘மீள்’ கொஞ்சம் வம்பு பிடித்த சொல். ‘நோய் மீண்டது’ என்றால் திரும்ப வந்தது. ‘நோயிலிருந்து மீண்டார்’ என்றால் குணமானார். ‘தாக்கம்’ திடீரென்று வந்து மோதுவதுபோல ஒலிக்கிறது. இதுவோ பெரும்பாலும் பல நாள், சில வாரம் முன்பே தலைகாட்டும். என் ஓட்டு ‘மறுசரிவு’க்கு. லத்தீன் வேருக்கும் கிட்ட வருகிறது. சரிவைப் பாதியில் நிறுத்தவும் முடியும்.

மனநலச் செவிலியரும் சமூகப் பணியாளரும் செய்வது அதைத்தான். ஆள் நன்றாக இருக்கும்போதே அவரையும் வீட்டாரையும் உட்காரவைத்து, போன தடவை முற்றுவதற்கு முந்தைய வாரங்கள் எப்படிப் போயின என்று கேட்பார்கள். ஒருவருக்குத் தூக்கம் போயிருக்கும். ஒருவர் குளிப்பதை நிறுத்தியிருப்பார். இன்னொருவர், டிவியில் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்றிருப்பார். அதை ஒரு தாளில் எழுதி, கண்டால் யாருக்கு போன் செய்வது என்பதையும் கீழே சேர்ப்பார்கள்.

மறுசரிவுக்கு, மாத்திரையை நிறுத்துவதுதான் பெரிய காரணம். உடம்பு போடுகிறது, பகலெல்லாம் தூக்கம், கை நடுக்கம் என்று நிறுத்துவார்கள். “ஏன் போடலை?” என்று அதட்டினால் அடுத்த தடவை பொய்தான் வரும். பொறுமையாகக் கேட்டால் மருத்துவரிடம் சொல்லி அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், 2 முதல் 4 வாரத்துக்கு ஒரு ஊசி என்றும் போகலாம். அப்புறம், வீட்டுப் பேச்சு. மருத்துவமனையிலிருந்து ஓயாமல் குறைசொல்லும் வீடுகளுக்குத் திரும்பியவர்களிடம் மறுசரிவு அதிகம் என்பதை லண்டனில் சமூகவியலாளர் ஜார்ஜ் பிரவுன் குழுவினர் 1960களிலேயே கவனித்தார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சரிவு வரலாம். அப்போது தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதைத் தெளிவாக இருக்கும்போதே எழுதிவைக்க இந்தியாவின் 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது.