காரைக்குடி மெஸ்ஸில் 5, கானாடுகாத்தான் விடுதியில் 18: சாப்பாட்டு பில்லில் எது செல்லும், எது செல்லாது?

செட்டிநாட்டுச் சாப்பாடு இப்போது இரண்டு விதமான இடங்களில் கிடைக்கிறது. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் இலை போட்டுப் பரிமாறும் மெஸ்களும் ஏசி ஓட்டல்களும் ஒரு வகை. பழைய நகரத்தார் வீடுகளை விடுதியாக மாற்றி, வளவிலேயே, அதாவது வீட்டின் உள்முற்றத்திலேயே, பந்தி வைக்கும் இடங்கள் இன்னொரு வகை. கோழி வறுவலும் கவுனி அரிசியும் இரண்டு இடத்திலும் உண்டு. பில்லின் அடிப்பகுதி மட்டும் மாறுகிறது. ஓரிடத்தில் வரியே இருக்காது, ஓரிடத்தில் 5 சதவீதம், ஓரிடத்தில் 18. சில இடங்களில் இவற்றுக்கு மேல் சர்வீஸ் சார்ஜ் என்று ஒரு தொகை. முதல் மூன்றும் சட்டப்படி சரியாக இருக்கலாம். கடைசியாகச் சொன்னதை நீங்கள் கட்டியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

முதலில் ஜிஎஸ்டி

தங்கும் விடுதியோடு சேராமல் தனியாக நடக்கும் ஓட்டல், மெஸ் எல்லாவற்றுக்கும் 5 சதவீதம்தான். மத்திய அரசுக்கு 2.5, மாநில அரசுக்கு 2.5 என்று சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி இரண்டும் பில்லில் தனித்தனியாக அச்சாகியிருக்கும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது ஏசி இல்லாத ஓட்டலுக்கு 12, ஏசி ஓட்டலுக்கு 18 என்று இருந்தது. அதே ஆண்டு நவம்பர் 15 முதல் இரண்டும் 5 ஆகிவிட்டன. ஆகவே ஏசி ஹாலில் உட்கார்ந்ததற்காக வரி அதிகமாகாது. ஏசி ஹாலுக்குத் தனி விலை வைக்க ஓட்டலுக்கு உரிமை உண்டு. ஆனால் அந்த விலை மெனு கார்டிலேயே இருக்க வேண்டும், கல்லாவில் வந்து முளைக்கக் கூடாது. பார்சலுக்கும் இதே 5 சதவீதம். டப்பாவுக்கு வாங்கும் காசும் அதே கணக்கில் சேரும்.

இந்த 5 சதவீதத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஓட்டல்காரர் கேஸ், வாடகை, பாத்திரம் என்று வாங்கியவற்றுக்குக் கட்டிய வரியைத் திரும்பக் கழித்துக்கொள்ள முடியாது. அந்தச் சுமையைச் சாப்பாட்டு விலையில் ஏற்றித்தான் விலை வைக்கிறார். அதைத் தனியாக இன்னொரு பெயரில் பில்லில் சேர்க்க இடமில்லை.

வரியே வாங்கக் கூடாத இடங்களும் உண்டு. ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத சிறு மெஸ் ஜிஎஸ்டியில் பதிவு செய்யத் தேவையில்லை. பதிவில்லாதவர் வரி வாங்குவது சட்டவிரோதம். அடுத்தது, சிறு வணிகர்களுக்கான எளிய வரி முறையான காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் ஓட்டல்கள். ஆண்டு வரவு ஒன்றரைக் கோடி வரை உள்ளவர்கள் இதில் சேரலாம். இவர்கள் மொத்த வரவில் 5 சதவீதத்தைத் தங்கள் கையிலிருந்து அரசுக்குக் கட்ட வேண்டும், சாப்பிடுகிறவரிடம் ஒரு பைசா வாங்கக் கூடாது. காம்போசிஷனில் இருப்பதைக் கடையில் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும். வரி வசூலிக்கத் தகுதியில்லை என்ற வாசகம் பில்லின் தலைப்பிலும் இருக்க வேண்டும். ஊர்ப் பக்கம் அதிகம் நடக்கும் தவறு இங்கேதான்: காம்போசிஷன் கடையில் பில் மென்பொருளைப் போட்டுத் தந்தவர் 5 சதவீதத்தை அப்படியே விட்டுப் போயிருப்பார், கடைக்காரரும் கவனிக்காமல் வாங்கிக்கொண்டிருப்பார்.

சரிபார்க்க இரண்டு நிமிடம் போதும். பில்லில் 15 இடம் கொண்ட ஜிஎஸ்டி எண் இருக்கும். தமிழ்நாட்டில் பதிவானது என்றால் 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் வரி செலுத்துவோரைத் தேடும் பக்கத்தில், கணக்கு எதுவும் தொடங்காமலே, அந்த எண்ணை இட்டுப் பாருங்கள். கடையின் பெயர், பதிவு நடப்பில் இருக்கிறதா ரத்தாகிவிட்டதா, சாதாரண வகையா காம்போசிஷனா எல்லாம் வந்துவிடும். காம்போசிஷன் என்று காட்டியும் பில்லில் வரி இருந்தால், அல்லது எண்ணே இல்லாத துண்டுச்சீட்டில் வரி போட்டிருந்தால், அந்தத் தொகையைத் தர வேண்டியதில்லை.

ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கல்லாவில் வரி வாங்காத அதே மெஸ்ஸில் செயலி வழியாக ஆர்டர் செய்தால் 5 சதவீதம் வரும். அது தவறில்லை. 2022 ஜனவரி 1 முதல் செயலி வழி விற்கும் ஓட்டல் உணவுக்கு வரி கட்டும் பொறுப்பு அந்தச் செயலி நிறுவனத்தின் மேல் இருக்கிறது. கடை சிறியதா பெரியதா என்பது அங்கே கணக்கில் வராது.

18 சதவீதம் எங்கே செல்லும்?

கானாடுகாத்தான், காரைக்குடிப் பக்கத்து மாளிகை விடுதிகளுக்கு மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் போகிறவர்கள் அதிகம். அறை எடுக்கவில்லையே, பிறகு ஏன் 18 என்று அங்கே கேள்வி எழும். சட்டம் பார்ப்பது நீங்கள் தங்கினீர்களா என்பதை அல்ல, அந்த இடத்தை. முந்தைய நிதியாண்டில் அந்த விடுதியில் ஏதாவது ஓர் அறை ஒரு நாளைக்கு 7,500 ரூபாய்க்கு மேல் போயிருந்தால் அது குறிப்பிட்ட வளாகம் என்ற கணக்கில் வரும். அந்த வளாகத்துக்குள் இருக்கும் உணவகத்துக்கு 18 சதவீதம், அதாவது 9, 9. 2025 ஏப்ரல் 1 முதல் இதுதான் விதி. அதற்கு முன் அறிவித்த வாடகையை வைத்துப் பார்த்தார்கள்; இப்போது உண்மையில் வாங்கிய வாடகை. தாமாக முன்வந்து தங்களைக் குறிப்பிட்ட வளாகம் என்று அறிவித்துக்கொள்ளவும் விடுதிகளுக்கு வழி உண்டு. அறையே இல்லாத தனி ஓட்டல் அப்படி அறிவித்துக்கொண்டு 18 வாங்க முடியாது.

எல்லா வீட்டு விடுதியும் 18 இல்லை. அறை 4,000, 5,000 என்று போகிற இடத்தில், அப்படி அறிவிப்பும் இல்லையென்றால், சாப்பாட்டுக்கு 5தான். மாளிகை விடுதிகளில் சாப்பாட்டுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டியிருக்கும். போனில் பேசும்போதே “ஒரு இலைக்கு எவ்வளவு, வரி சேர்த்தா தனியா, எத்தனை சதவீதம்?” என்று கேட்டுவிடுங்கள். ஓர் இலை 1,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நான்கு பேருக்கு 5 சதவீதத்தில் 4,200 ஆகும், 18 சதவீதத்தில் 4,720 ஆகும். கூட்டமாகப் போகிறவர்களுக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை.

சர்வீஸ் சார்ஜ்

மேலே சொன்ன அதே நான்கு இலைக்கு 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் சேர்த்துப் பாருங்கள். 4,000 என்பது 4,400 ஆகிறது. பில் போடும் கணினி 18 சதவீதத்தை 4,400க்குப் போடுகிறது, 792 ரூபாய். மொத்தம் 5,192. கட்ட வேண்டியதைவிட 472 ரூபாய் அதிகம். இதில் 72 ரூபாய், கேட்கவே கூடாத ஒரு தொகைக்குப் போட்ட வரி.

சர்வீஸ் சார்ஜ் என்பது அரசின் வரி என்று நினைத்துக் கட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முன்பு சர்வீஸ் டாக்ஸ் என்று ஒரு வரி இருந்தது, 2017 ஜூலை 1இல் அது ஜிஎஸ்டிக்குள் போய்விட்டது. சர்வீஸ் சார்ஜ் ஓட்டலே போட்டுக்கொள்ளும் தொகை, அரசுக்குப் போவதில்லை.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஓட்டல் தானாக பில்லில் சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக் கூடாது. வேறு பெயர் சூட்டியும் வாங்கக் கூடாது. அது விருப்பத்தைப் பொறுத்தது என்று வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கட்டாதவரை உள்ளே விடமாட்டோம், பரிமாற மாட்டோம் என்று சொல்லக் கூடாது. உணவு விலையோடு கூட்டி அதன் மேல் ஜிஎஸ்டி போடவும் கூடாது. ஓட்டல் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனதும் அதே மாதம் இடைக்காலத் தடை வந்தது. ‘தடை இருக்கிறது’ என்று சில இடங்களில் சொல்வது அந்தப் பழைய கதையை வைத்துத்தான். 2025 மார்ச் 28 அன்று அதே நீதிமன்றம் வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பளித்து, மனுப் போட்ட இரண்டு சங்கங்களுக்கும் தலா ஒரு லட்சம் ரூபாய் செலவுத்தொகையும் விதித்தது. மெனு கார்டின் அடியில் பொடி எழுத்தில் ‘சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம்’ என்று அச்சடித்திருப்பதால் அது கட்டாயமாகிவிடாது.

பில் வந்ததும் பணம் கட்டுவதற்கு முன்பே சொல்லுங்கள். “அண்ணே, சர்வீஸ் சார்ஜை எடுத்துட்டு பில்லை மறுபடி போட்டுக் கொடுங்க” என்றால் போதும். சப்ளையரிடம் வாக்குவாதம் வேண்டாம், பில்லை மாற்றும் அதிகாரம் அவரிடம் இல்லை. கல்லாவிலோ மேலாளரிடமோ பேசுங்கள். நன்றாகப் பரிமாறியவருக்குக் கொடுக்க மனம் இருந்தால் அவர் கையிலேயே கொடுங்கள். காலையிலிருந்து சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தவர் அவர்தான், அந்தக் காசு அவரிடம் போய்ச் சேருவது உறுதியாகத் தெரிந்த வழியும் அதுதான்.

தண்ணீர் பாட்டிலும் தட்டில் வரும் வறுவலும்

தண்ணீர் பாட்டிலுக்கு எம்ஆர்பிக்கு மேல் வாங்கினால் குற்றம் என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். கடையில் அது உண்மை. உட்கார்ந்து சாப்பிடும் ஓட்டலில் அப்படி இல்லை. ஓட்டலும் உணவகமும் எம்ஆர்பிக்கு மேல் விலை வைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்துவிட்டது. இடமும் பரிமாறலும் சேர்ந்த சேவை அது என்பது காரணம். எனவே இதற்காகச் சண்டை போட்டுப் பயனில்லை. உட்கார்ந்ததும் சாதாத் தண்ணீர் கேளுங்கள், கேட்காமல் வைத்த பாட்டிலைத் திறக்காமல் திருப்பிக் கொடுங்கள்.

மெஸ்களில் பில் எகிறுவதற்கு உண்மையான காரணம் பெரும்பாலும் தட்டுதான். சோறு வைத்ததும் நண்டு, இறால், மீன், காடை என்று கிண்ணங்களை அடுக்கிய தட்டைக் கொண்டுவந்து காட்டுவார்கள். கை நீட்டினால் இலையில் விழுந்துவிடும், விலை பில்லில்தான் தெரியும். மீனுக்கும் நண்டுக்கும் அன்றன்றைய விலை என்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் விலையைத் தெரிந்துகொண்டு வாங்குவது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்லும் உரிமை. கிண்ணம் இலைக்கு வருமுன் ஒவ்வொன்றுக்கும் விலை கேளுங்கள், எத்தனை துண்டு என்றும் கேளுங்கள்.

பில் கேட்டால் தர வேண்டும். ஜிஎஸ்டி பதிவுள்ள கடை 200 ரூபாய்க்குக் குறைந்த விற்பனைக்கு, கேட்காதவருக்கு பில் தராமல் விடலாம். கேட்டவருக்கு மறுக்க முடியாது. பில் தராமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை என்று நுகர்வோர் சட்டத்தில் இருக்கிறது.

புகார்

ஓட்டல் மறுத்தால் அங்கேயே கத்துவதைவிட ஆதாரத்தைச் சேருங்கள். பில்லை அன்றே படமெடுங்கள், அந்த வழவழப்பான தாளில் எழுத்து சில வாரங்களில் வெளுத்துவிடும். மெனு கார்டில் நீங்கள் சாப்பிட்டவற்றின் விலை உள்ள பக்கத்தையும் எடுங்கள். யுபிஐ ரசீது தனியாக இருந்தால் போதாது, அதில் மொத்தத் தொகைதான் இருக்கும். பில்லோடு சேர்த்து வையுங்கள்.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. ஓட்டலின் பெயர், ஊர், பில் எண், தேதி, எவ்வளவு அதிகம் என்று வரிசையாகச் சொல்லுங்கள். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இவர்கள் ஓட்டலைத் தொடர்புகொண்டு தீர்த்துவைக்க முயல்வார்கள். உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. ஆனாலும் சர்வீஸ் சார்ஜ் போன்ற சிறு தொகைக்கு இதுவே ஏற்ற முதல் படி. மாவட்ட ஆட்சியரிடமும் மனுக் கொடுக்கலாம் என்று வழிகாட்டுதலே சொல்கிறது. இங்கே ஒரு எச்சரிக்கை: செட்டிநாடு ஒரே மாவட்டம் இல்லை. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் சிவகங்கையில். ராயவரம், கோனாபட்டு புதுக்கோட்டையில். மாவட்டம் மாறிப் போன மனு மேசை மேசையாகச் சுற்றும். காம்போசிஷன் கடை வரி வாங்கியது போன்ற விஷயத்தை வணிகவரித் துறைக்கு எழுதுங்கள்.

தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் இணைய வழியாகவே தாக்கல் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை, வக்கீலும் தேவையில்லை. சம்பவம் நடந்த இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வெளியூரிலிருந்து வந்து சாப்பிட்டவர்கள் இதற்காகச் சிவகங்கைக்கு வர வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடச் சட்டம் இடம் தருகிறது.

உணவின் தரம் பற்றிய புகார் வேறு துறைக்கு, உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் போகும். 2022 ஜனவரி 1 முதல் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணைய) எண் பில்லில் இருக்க வேண்டும். 1 என்று தொடங்கினால் உரிமம், 2 என்றால் சிறு வணிகருக்கான பதிவு. தமிழ்நாட்டுத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. கெட்ட வாடை, புழு, கண்ணாடித் துண்டு எதுவானாலும் இலையை மடிக்காமல், தட்டோடு படமெடுத்து, பில்லோடு அனுப்புங்கள். பார்சலாக வாங்கியதைச் சோதனைக்குக் கொடுக்க நினைத்தால், உணவுப் பகுப்பாய்வாளரிடம் கட்டணம் கட்டி நீங்களே சோதித்துக்கொள்ளும் உரிமையும் சட்டத்தில் உண்டு. ஆனால் சோதனைக்காக வாங்குகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியாக வேண்டும்.