பரிசுப் பணம் தருவதாக வரும் மின்னஞ்சல்: எங்கே பார்த்தால் பிடிபடும்

லொத்தரில் உங்கள் மின்னஞ்சல் முகவரி வென்றுவிட்டது, ஐ.நா. இழப்பீட்டுப் பட்டியலில் பெயர் இருக்கிறது, வாரிசில்லாமல் இறந்தவரின் வைப்புப் பணம் உங்களுக்குச் சேர வேண்டும். கதை எதுவானாலும், பணம் வருமுன் நீங்கள் ஒரு கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். அந்தக் கட்டணம்தான் மோசடிக்காரர்களின் வருமானம். நைஜீரியக் குற்றவியல் கோவையின் பிரிவு எண்ணைக் கொண்டு இதை '419 மோசடி' என்பார்கள். அதற்காக அனுப்புகிறவர் நைஜீரியாவில்தான் இருப்பார் என்றில்லை.

கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் லண்டன், டொரொன்டோவில் சொந்தக்காரர் உள்ள வீடுகள் ஏராளம். அதனால் வெளிநாட்டுச் சொத்துக் கதை இங்கே எளிதில் எடுபடுகிறது. உண்மையான சட்டத்தரணி என்றால் உங்கள் உறவுமுறையை நிரூபிக்கச் சொல்லி ஆவணங்களைக் கேட்டுத் துளைப்பார். இவர்களோ உறவைப் பற்றிக் கேட்பதேயில்லை, அடையாள அட்டைப் படத்தையும் வங்கி விபரத்தையும் மட்டும் கேட்கிறார்கள். வாங்காத லொத்தருக்குப் பரிசு விழாது. சர்வதேச நாணய நிதியம் தனியாருக்குக் காசு கொடுப்பதில்லை. 2023 இல் இலங்கைக்கு அனுமதித்த ஏறக்குறைய 300 கோடி டொலரும் அரசாங்கத்துக்கான கடன்தான். மத்திய வங்கியில் பொதுமக்களுக்குக் கணக்கு கிடையாது, ஆகவே அங்கே உங்கள் பணம் 'தடுத்து வைக்கப்பட்டிருக்க' முடியாது.

இனி அஞ்சலையே பார்ப்போம். கைத்தொலைபேசியில் அனுப்புநரின் பெயர்தான் பெரிதாகத் தெரியும், அதை யாரும் விரும்பியபடி எழுதிக்கொள்ளலாம். பெயருக்குக் கீழே உள்ள சிறிய அம்புக்குறியைத் தட்டினால் முழு முகவரி வரும். கணினியில் ஜீமெயில் என்றால், அஞ்சலின் வலப்பக்க மூன்று புள்ளிகளை அழுத்தி 'ஷோ ஒரிஜினல்' என்பதைத் திறவுங்கள். மேலே எஸ்.பி.எவ், டி.கே.ஐ.எம், டிமார்க் என்று, அனுப்பிய முகவரி போலியா எனப் பார்க்கும் மூன்று சோதனைகளின் முடிவு இருக்கும். 'ஃபெயில்' என்றால் விலகிவிடுங்கள். 'பாஸ்' என்று இருந்தால்தான் பலர் ஏமாறுகிறார்கள். அஞ்சல் அந்த டொமைனிலிருந்து (முகவரியில் @ குறிக்குப் பின்னால் உள்ள பகுதி) வந்தது என்பதற்கு மட்டுமே அது சான்று. அனுப்பியவர் நேர்மையானவர் என்பதற்கல்ல. மோசடிக்காரர் திறந்த ஜீமெயில் கணக்கும் மூன்றிலும் தேறும். ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் களவாடப்பட்ட கணக்கும் தேறும்.

ஆகவே அதே பக்கத்தில் 'ரிப்ளை-டு' வரியைத் தேடுங்கள். அனுப்பிய முகவரி ஒரு நிறுவனத்தினுடையது, பதில் போகும் முகவரி யாரோ ஒருவரின் இலவச ஜீமெயில் என்றால் மோசடிதான் என்பதில் சந்தேகமில்லை.

எழுத்துப்பிழை இல்லாததால் நம்பலாம் என்று நினைக்க வேண்டாம், இப்போது பிழையில்லாமல் எழுதுவது எவருக்கும் சுலபம். கதை நம்பமுடியாததாக இருப்பதும் தற்செயல் அல்ல. மைக்ரோசொப்ட் ஆய்வாளர் கோர்மக் ஹெர்லி 2012 இல் விளக்கியபடி, சந்தேகப்படுகிறவர்கள் ஆரம்பத்திலேயே விலகினால் மோசடிக்காரருக்கு நேரம் மிச்சம். பதில் போடுகிறவர்கள்தான் அவருக்கு வேண்டியவர்கள். திட்டி எழுதினாலும் உங்கள் முகவரி பாவனையில் இருப்பது அவருக்குத் தெரிந்துவிடும்.

கட்டணம் ஒன்றோடு நிற்காது. உதாரணமாக, முதலில் 15,000 ரூபாய் 'பதிவுக் கட்டணம்', பிறகு 'வரி', பிறகு 'பணமோசடி இல்லை என்ற சான்றிதழ்' என்று தொகை ஏறிக்கொண்டே போகும். கட்டியது வீணாகிவிடுமே என்ற பயத்தில் அடுத்ததையும் கட்டுகிறார்கள். 'பரிசிலிருந்தே கழித்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிப் பாருங்கள். முடியாது என்பதற்கு உடனே ஒரு காரணம் வரும். கட்டச் சொல்லும் கணக்கு பல வேளைகளில் இலங்கை வங்கியொன்றில் யாரோ ஒரு தனிநபரின் சேமிப்புக் கணக்காக இருக்கும். உள்நாட்டு ஒன்லைன் பரிமாற்றம் உடனே போய்ச் சேரும், சில நிமிடங்களில் ஏ.ரி.எம்மில் எடுத்துவிடுவார்கள். கமிஷனுக்காகக் கணக்கைக் கொடுக்கும் இளைஞர்களைப் பற்றித்தான் எங்களுக்கு மிகுந்த கவலை, ஏனென்றால் பொலிஸார் முதலில் போய் நிற்பது அவர்களின் வீட்டு வாசலில்.

காசு போய்விட்டால் முதல் அழைப்பு உங்கள் வங்கிக்கு. பணம் போன வங்கிக்கு உடனே அறிவிக்கச் சொல்லி, முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். வெட்கத்தில் அஞ்சலை அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. ஸ்க்ரீன்ஷொட்டிலும் சாதாரணமாக ஃபோர்வர்ட் செய்த பிரதியிலும் அஞ்சல் வந்த வழியைக் காட்டும் தலைப்பு (ஹெடர்) விபரங்கள் இருக்காது; 'ஷோ ஒரிஜினல்' பக்கத்திலேயே உள்ள 'டவுன்லோட் ஒரிஜினல்' மூலம் முழு அஞ்சலையும் சேமியுங்கள். கணக்கு இலக்கம், பெயர், கிளை, நேரம், வைப்புச் சிலிப் ஆகியவற்றையும் சேர்த்துக் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கணினிக் குற்ற விசாரணைப் பிரிவிலோ அருகிலுள்ள பொலிஸ் நிலையத்திலோ முறையிடலாம். ஆலோசனைக்கு, கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது.

சில வாரங்களில் வேறொருவர் எழுதக்கூடும்: 'இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், சிறு கட்டணம் மட்டும்.' உங்கள் பெயர் அவர்களின் பட்டியலில் ஏறிவிட்டதால் வருகிற இரண்டாவது தூண்டில் அது. முறைப்பாட்டை விசாரிக்கப் பொலிஸாரோ சேர்ட்டோ உங்களிடம் கட்டணம் அறவிடுவதில்லை.