கரும்பு வெட்டும்போது பூனைக்குட்டி கிடைத்தால்: சட்டம் என்ன சொல்கிறது?

கரும்பு வெட்டும்போது சோகைக்குள் (காய்ந்த கரும்பு இலைக்குள்) இரண்டு மூன்று குட்டிகள் சுருண்டு கிடக்கும், உடம்பில் வரியோ புள்ளியோ தெரியும், உடனே "சிறுத்தைக் குட்டி" என்று சொல்லி ஆள் கூடி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவார்கள். பல நேரம் அது காட்டுப்பூனைக் குட்டி. வளர்ந்த காட்டுப்பூனையின் உடம்பு வெறும் மணல் நிறம்தான், ஆனால் குட்டியில் வரி இருக்கும், அதனால்தான் இந்தக் குழப்பம். சில இடங்களில் அது துரும்பன் பூனையாக இருக்கலாம். வளர்ந்த பிறகும் ஒன்று, ஒன்றரை கிலோதான் இருக்கும். உலகின் மிகச் சிறிய பூனைகளில் ஒன்று, இந்தியா, இலங்கை, நேபாளம் தவிர வேறெங்கும் இல்லை.

பாவம், தாய் இல்லாத குட்டி என்று வீட்டுக்குத் தூக்கிப் போய்ப் பால் ஊற்றுகிறார்கள். நல்ல மனசுதான், ஆனால் சட்டத்தில் அது குற்றம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்றால் கொல்வது மட்டும் இல்லை. பிடிப்பது, கண்ணி வைப்பது, விஷம் வைப்பது, அதற்கு முயற்சி செய்வது எல்லாமே வேட்டைதான். துரும்பன் பூனை, சிறுத்தைப் பூனை, மீன்பிடிப் பூனை மூன்றும் அந்தச் சட்டம் மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் இருக்கின்றன. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் திருத்தத்தின்படி, முதல் அட்டவணை விலங்கை வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். காட்டுப்பூனையும் பாதுகாக்கப்பட்ட விலங்குதான்.

சரி, தெரியாமல் எடுத்துவிட்டீர்கள், இப்போது என்ன செய்வது? 39ஆவது பிரிவு இதற்கு வழி சொல்கிறது. இப்படிக் கைக்கு வந்த காட்டு விலங்கு அரசின் சொத்து, அது உங்களிடம் வந்த 48 மணி நேரத்துக்குள் பக்கத்துக் காவல் நிலையத்திலோ வனத்துறை அதிகாரியிடமோ சொல்லிவிட வேண்டும். இறந்து கிடந்ததை எடுத்தாலும் இதே விதிதான்.

ஆனால் சட்டம் 48 மணி நேரம் கொடுத்தாலும் குட்டிக்கு அவ்வளவு நேரம் கிடையாது, அன்றைக்கே வனச்சரக அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள். பெரும்பாலும் தாய் செத்துப்போயிருக்காது, ஆள் சத்தம் கேட்டு ஒதுங்கியிருக்கும், இருட்டியதும் குட்டியைத் தேடி அதே இடத்துக்கு வரும். மகாராஷ்டிராவில் ஜுன்னர் பக்கம் வனத்துறையும் வனவிலங்குகளை மீட்கும் வைல்ட்லைஃப் எஸ்ஓஎஸ் அமைப்பும் சேர்ந்து இதைத்தான் செய்கிறார்கள். குட்டியைச் சோதித்துப் பார்த்துவிட்டு, சாயங்காலம் கிடைத்த இடத்திலேயே ஒரு பெட்டியில் வைத்து, தள்ளி கேமரா பொருத்திவிட்டு விலகிவிடுவார்கள். ராத்திரி தாய் வந்து ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய்விடும். மனித வாசனை பட்டால் தாய் சேர்க்காது என்ற பயம் வேண்டாம், கைபட்ட குட்டிகளைத் தாய் தூக்கிப் போனது அந்தக் கேமராக்களிலேயே பதிவாகியிருக்கிறது. அதனால் குட்டி கிடைத்தால் அந்த நாலு பாத்தியை மட்டும் அன்றைக்கு விட்டுவிட்டு மற்ற இடத்தை வெட்டுங்கள், நாயைக் கட்டிவையுங்கள். பசும்பால் கொடுக்காதீர்கள், குட்டிக்குச் செரிக்காமல் கழிச்சல் வந்துவிடும்.

அப்புறம் கோழிப் பிரச்சினை. காட்டுப்பூனை கோழி பிடிக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதன் முக்கிய உணவு எலி. ராஜஸ்தானின் சரிஸ்காவில் நடந்த ஆய்வு, ஒரு காட்டுப்பூனை நாளைக்கு 3 முதல் 5 எலி வரை தின்னும் என்று கணக்கிட்டது. வயலுக்கு இதைவிட என்ன வேண்டும்? உயிருக்கு ஆபத்து வந்து தற்காப்புக்காக ஒரு விலங்கைக் கொன்றால் சட்டம் விலக்கு தருகிறது, கோழிக்காக அடித்தேன் என்பது அதில் சேராது. இருட்டுவதற்குள் கோழிகளைக் கூண்டில் அடைத்து, கம்பிவலையில் ஓட்டை இருந்தால் கட்டிவிடுங்கள், அடியில் மண்ணைத் தோண்டி நுழையாதபடி கல் வையுங்கள்.