அன்பளிப்பாக எழுதிக் கொடுத்த புரோநோட்டு செல்லுமா?

சில மாதங்களுக்கு முன் ஒரு பெண், மடித்து மடித்து நைந்துபோன புரோநோட்டு ஒன்றை என் மேசையில் வைத்தார். அவருடைய பெரியப்பா எழுதிக் கொடுத்தது. தொகை ஐந்து லட்சம். "இன்று தங்களிடம் ரொக்கமாகக் கடன் பெற்றுக்கொண்ட தொகை" என்ற வழக்கமான வாசகம், ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்து, இரண்டு சாட்சிகள். எல்லாம் சரி. பெரியப்பா இறந்துவிட்டார், அவருடைய பிள்ளைகள் பணம் தர மறுக்கிறார்கள்.

"எப்போம்மா பணம் கொடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"நான் எதுவும் கொடுக்கலை சார். கடைசிக் காலத்துல நான்தான் பார்த்துக்கிட்டேன். அவரே ஆசைப்பட்டு எழுதிக் கொடுத்தார்."

சிக்கல் அங்கேதான். மாற்றுமுறை ஆவணச் சட்டம், 1881, பிரிவு 43-இன்படி மறுபயன் (வாக்குறுதிக்கு ஈடாகக் கிடைக்கும் பணமோ பலனோ) இல்லாமல் எழுதிய சீட்டு, எழுதியவருக்கும் வாங்கியவருக்கும் இடையே பணம் தரும் கடமையை உண்டாக்காது. அன்பளிப்பு என்பது கையில் கொடுத்ததும் முடிந்துவிடும் காரியம். பெரியப்பா ஐந்து லட்சத்தை ரொக்கமாகவே கொடுத்திருந்தால் யாரும் திருப்பிக் கேட்க முடியாது. அவர் கொடுத்ததோ, தருகிறேன் என்ற வார்த்தை. நெருங்கிய உறவுக்குள் பாசத்தினால் தரும் வாக்குறுதி செல்லும்தான். ஆனால் அது எழுத்தில் இருந்து, பதிவும் ஆகியிருக்க வேண்டும் என்கிறது ஒப்பந்தச் சட்டம் பிரிவு 25. புரோநோட்டை யார் பதிவு செய்கிறார்கள்?

"கையெழுத்து இருக்கே சார்" என்றார். உண்மைதான். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் பிரிவு 118 மறுபயன் இருந்ததாகவே நீதிமன்றத்தை அனுமானிக்கச் சொல்கிறது. இல்லை என்று காட்ட வேண்டியது எதிர்த்தரப்பு. அதை நம்பிக் கூண்டேறிப் பணம் கொடுத்தேன் என்று சொல்லச் சில பேர் யோசனை சொல்வார்கள். அது பொய்ச் சாட்சி. "ஐந்து லட்சம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது?" என்ற முதல் குறுக்குக் கேள்விக்கே தாங்காது.

இதையே வேறு யாரோ பெரியப்பாவுக்கு எழுதிக் கொடுத்த நோட்டாக நினைத்துப் பாருங்கள். அதை அவர் அன்பளிப்பாக மேடோவர் செய்து, அதாவது எழுதிக் கையெழுத்திட்டு இந்தப் பெண்ணின் பெயருக்கு மாற்றிக் கொடுத்திருந்தால் கதையே வேறு. கடன் வாங்கியவரிடம் அந்தப் பெண் வசூலிக்கலாம். பெரியப்பாவிடம் மட்டும் கேட்க முடியாது.

சும்மா எழுதிக் கொடுத்ததுதானே என்று அலட்சியமாக இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: வாங்கியவர் அதைப் பணத்துக்கு இன்னொருவருக்கு மேடோவர் செய்துவிட்டால், அந்த மூன்றாம் ஆளுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சரி, இந்தப் பெண்ணுக்கு வழியே இல்லையா? ஒப்பந்தச் சட்டம் பிரிவு 25-லேயே இன்னொரு விலக்கு இருக்கிறது. ஒருவர் தானாக முன்வந்து ஏற்கெனவே செய்த உதவிக்கு ஈடாகத் தரும் வாக்குறுதி, பதிவில்லாமலே செல்லும். இதை வைத்து வாதாட இடமுண்டு. ஆனால் நோட்டில் இருப்பது கடன், நாம் சொல்வது உதவி. அதனால் நிரூபிக்கும் சுமை நம் தலையில்தான் விழும்.

நோட்டின் தேதியைப் பார்த்தேன். வழக்குப் போடுவதற்கான 3 வருடக் கெடு முடிய நாற்பது நாள்தான் பாக்கி. வக்கீல் நோட்டீஸ் விட்டால் கெடு நின்றுவிடும் என்று நினைத்திருந்தார். நிற்காது, வழக்கே தாக்கலாக வேண்டும் என்றேன். மறுநாள் காலையில் ஒரு துணிப்பை நிறைய மருந்துக்கடை பில்களோடு வந்து நின்றார்.