லைக்கன்: மரத்துக்கு வந்த தேமலா?

கொல்லையில் நிற்கும் மாமரத்தின் அடிமரத்தில் சுண்ணாம்புத் தண்ணீர் தெறித்துக் காய்ந்ததுபோல வெளிறிய திட்டுகள் இருக்கும். அதுதான் லைக்கன். எங்கள் பாட்டி அதை 'மரத்துக்குத் தேமல் வந்திருக்கு' என்பார்.

பாட்டி சொன்னது எவ்வளவு பொருத்தம் என்பது சொல்லின் வேரைத் தேடியபோதுதான் புரிந்தது. கிரேக்க மொழியில் 'லெய்கேன்' என்ற ஒரே சொல் மரப்பட்டையில் படர்வதையும் குறித்தது, தோலில் படரும் தடிப்பையும் குறித்தது. நக்குதல் என்ற பொருளுள்ள வினைச்சொல்லோடு அதைத் தொடர்புபடுத்துவார்கள். தோல் மருத்துவர்கள் இன்றும் 'லைக்கன் பிளானஸ்' என்று ஒரு நோயைச் சொல்கிறார்கள்; மரத்தில் இருக்கும் லைக்கனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நாமும் தோலில் வட்டமாகப் பரவும் நோய்க்குப் 'படர்தாமரை' என்று செடியின் பெயரைத்தானே வைத்திருக்கிறோம்!

ஆனால் மரத்தில் இருப்பது நோய் இல்லை. அது மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை, ஒட்டிக்கொள்ள இடம் கிடைத்தால் போதும். திட்டுக்குள் பூஞ்சையும் பாசியும் கூடி வாழ்கின்றன. உடம்பைக் கட்டுவது பூஞ்சை, வெயிலை வைத்து உணவு சமைப்பது பாசி. 1860களின் இறுதியில் சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் சீமோன் ஷ்வெண்டனர் இதைச் சொன்னபோது, லைக்கன் அறிஞர்கள் பலர் ஏற்க மறுத்தார்கள்.

அந்தப் பாசியை நீங்களே பார்க்கலாம். காய்ந்த சாம்பல் திட்டில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டு நில்லுங்கள். மேலே மூடியிருக்கும் பூஞ்சைப் படலம் நனைந்து ஒளி ஊடுருவ, அடியில் இருக்கும் பச்சை மெதுவாக எழுந்து வரும். நான் முதல்முறை பார்த்தபோது கையில் செம்போடு அப்படியே நின்றுவிட்டேன். கண்ணை இன்னும் கிட்டே கொண்டுபோனால் சில திட்டுகளில் குட்டிக் கிண்ணங்கள் தெரியும். சிலவற்றில் யாரோ கரிக்கோலால் கிறுக்கியதுபோலக் கறுப்புக் கோடுகள். அந்த வகைக்குக் 'கிராஃபிஸ்' என்று பெயர், கிரேக்கத்தில் எழுதுகோல் என்ற பொருளில்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? வெறும் 'பாசி' போதாது. பசுமை, பச்சை என்பவற்றோடு பிறந்த அச்சொல் குளத்துப் பாசிக்கே பொருந்தும். இங்கே உடம்பின் பெரும்பகுதி பூஞ்சை. பாடத்துக்குப் 'பாசிப்பூஞ்சை' என்பதே சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன், இரண்டு உயிர்களும் பெயரிலேயே வந்துவிடுகின்றன.

பேச்சுக்கோ, நம் அடுக்களையிலேயே ஒரு சொல் இருக்கிறது: கல்பாசி. செட்டிநாட்டுக் குழம்பிலும் பிரியாணியிலும் போடுகிறோமே, அது லைக்கனேதான். பேரில் கல் இருந்தாலும் மரப்பட்டையிலும் வளரும். அடுத்த முறை தாளிக்கும்முன் ஒரு துண்டைத் திருப்பிப் பாருங்கள்: மேற்புறம் சாம்பல், அடிப்புறம் கறுப்பு, ஓரம் பூவிதழ்போலச் சுருண்டிருக்கும். சூடான எண்ணெயில் விழுந்த பிறகுதான் அதன் முழு மணமும் வெளியே வரும்.