ஆக்கியின் கன்னத்துக்குள் வெளிச்சம் போகவில்லை

போன ஞாயிற்றுக்கிழமை திருநகரில் அக்கா வீட்டில் இருந்தேன். பிளஸ் ஒன் படிக்கும் அக்கா மகள் லேப்டாப்பில் பழைய அனிமேஷன் படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதியில் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டாள். “மாமா, இந்தப் பொண்ணோட முடி தனித்தனியா ஆடுது. சட்டை மடிப்புகூட நிஜம் மாதிரி இருக்கு. மூஞ்சிய மட்டும் பார்த்தா ஜவுளிக்கடை வாசல்ல நிக்கிற பொம்மை மாதிரி இருக்கே, ஏன்?”

நல்ல கேள்வி. சாயங்காலம் வரை அதையேதான் பேசிக்கொண்டிருந்தோம். பேசியதை இங்கே எழுதி வைக்கிறேன்.

அவள் பார்த்த படம் ‘ஃபைனல் ஃபேன்டஸி: த ஸ்பிரிட்ஸ் விதின்’. 2001 ஜூலையில் வெளியானது. 1987-இல் ஜப்பானில் தொடங்கிய புகழ்பெற்ற வீடியோ கேம் வரிசையின் பெயரைத் தாங்கிய படம். அந்த விளையாட்டை உருவாக்கிய ஹிரோநோபு சகாகுச்சியே இயக்கினார். ஹவாய் தீவில் இதற்கென்றே ஒரு ஸ்டுடியோ அமைத்து, சுமார் 200 பேர் 4 ஆண்டு உழைத்தார்கள். மொத்தம் 1,41,964 ஃபிரேம்கள், அதாவது தனித்தனிப் படங்கள். ஒரு ஃபிரேமைக் கணக்கிட்டு வரைந்து முடிக்கச் சராசரியாக 90 நிமிடம். ஒரே கணினியிடம் கொடுத்திருந்தால் இரவும் பகலும் ஏறக்குறைய 24 ஆண்டு ஓடியிருக்க வேண்டும். அவர்களிடம் 960 கணினிகள் இருந்தன. கதாநாயகி ஆக்கி ராஸின் தலையில் மட்டும் 60,000 முடி, ஒவ்வொன்றுக்கும் தனி அசைவு. நம் தலையில் இருப்பதே ஒரு லட்சம் சொச்சம்தான்.

செலவு 13.7 கோடி டாலர். உலகம் முழுக்க வசூல் சுமார் 8.5 கோடி. அடுத்த ஆண்டே அந்த ஸ்டுடியோவை மூடிவிட்டார்கள். எனக்கு இது இன்றும் வருத்தம். படம் கண்ணுக்கு விருந்து. பாழடைந்த நியூயார்க் நகரமும், ஆரஞ்சு நிறத்தில் மிதக்கும் ஆவி உருவங்களும் இப்போது பார்த்தாலும் அசத்துகின்றன. ஆனால் மனிதர்கள் வாயைத் திறந்தால் கதைக்கு வேண்டிய தகவலைத்தான் சொல்கிறார்கள். ஒருவர் செத்தால் நமக்கு ஒன்றும் செய்வதில்லை. கதையில் உள்ளீடு இல்லை என்று அன்றே எல்லோரும் எழுதினார்கள். அது கதை எழுதியவர்கள் பாடு, இந்தக் கட்டுரைக்கு வேறு வேலை இருக்கிறது. அக்கா மகள் கேட்டது முகத்தைப் பற்றி. அந்த முகங்களிலும் உள்ளீடு இல்லை என்பதுதான் பதில், அதுவும் இயற்பியல் அர்த்தத்தில்.

கணினிக்குள் இருக்கும் முகம் என்பது சின்னச் சின்ன பாலிகன்களை, அதாவது தட்டையான பலகோணத் துண்டுகளை, ஒட்டவைத்துச் செய்த ஓடு. மச்சம், புள்ளி, சுருக்கம் எல்லாவற்றையும் கலைஞர்கள் வரைந்து அந்த ஓட்டின் மேல் போர்த்துவார்கள். பிறகு கணினி ஒவ்வொரு புள்ளியிலும் கேட்கும்: விளக்கு எந்தக் கோணத்தில் இருக்கிறது? இந்தப் புள்ளியின் நிறம் என்ன? அப்படியானால் கேமராவுக்கு எவ்வளவு வெளிச்சம் திரும்பும்? பள்ளிக்கூடத்தில் படித்த எதிரொளிப்புதான். விழுந்த இடத்திலேயே வெளிச்சம் திரும்பிவிடும் என்பது இந்தக் கணக்கின் அஸ்திவாரம். எவர்சில்வர் குடத்துக்கும் காரின் மேல்பூச்சுக்கும் அது பொருந்தும். படத்தில் கவசங்களும் விண்கலங்களும் அத்தனை அழகாக இருப்பதற்கும், முகங்கள் தோற்றுப்போவதற்கும் காரணம் ஒன்றேதான்.

தோல் குடம் அல்ல. இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடக் காட்டுவது சுலபம். ஜன்னலைச் சாத்திவிட்டு, செல்போன் டார்ச்சின் மேல் விரலை அழுத்தி வைக்கச் சொன்னேன். விரல் நுனி முழுக்கச் செக்கச்செவேல் என்று எரிந்தது. இது எல்லோரும் செய்து பார்த்ததுதான். ஆனால் அவள் அடுத்துக் கேட்டதை நான் சின்ன வயதில் கேட்டதில்லை: “எலும்பு எங்க மாமா?”

அதுதான் விஷயம்! விரலுக்குள் எலும்பு இருக்கிறது. வெளிச்சம் நேர்கோட்டில் ஊடுருவியிருந்தால் எக்ஸ்ரே மாதிரி எலும்பின் நிழல் விழ வேண்டும். விழவில்லை. உள்ளே போன ஒளி செல்களிலும் கொலாஜன் என்ற புரத நாரிலும் முட்டி, திரும்பி, மறுபடி முட்டி, எந்தத் திசையிலிருந்து வந்தோம் என்பதையே மறந்து வெளியே வருகிறது. எல்லாப் பக்கத்திலிருந்தும் வரும் ஒளியில் எலும்பின் நிழல் கரைந்துபோகிறது.

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளை நினைத்துக்கொள்ளுங்கள். வைகைக் கரைக் கூட்டத்துக்குள் ஒரு பக்கம் நுழைந்தவர் நுழைந்த இடத்திலேயே வெளியே வர முடியுமா? கூட்டம் தள்ளும். இந்தப் பக்கம் நாலடி, அந்தப் பக்கம் பத்தடி, கடைசியில் வேறெங்கோ ஒரு சந்தில் போய் வெளியே விழுவார். சிலர் வெளியே வரவே முடியாமல் ஒரு தண்ணீர்ப் பந்தலில் உட்கார்ந்துவிடுவார்கள். தோலுக்குள் நுழையும் ஒளியின் கதையும் இதுவே. மேல் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு போல மேற்பரப்பிலேயே திரும்பிவிடும்; எண்ணெய் வழியும் நெற்றி மினுங்குவது அதனால்தான். மீதி உள்ளே போய் அலைகிறது. பச்சையையும் நீலத்தையும் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் அதிகம் உறிஞ்சிவிடும். சிவப்பு தப்பித்து ஆழம் போய், சில மில்லிமீட்டர் தள்ளி வெளியே எட்டிப்பார்க்கும்.

அந்தச் சில மில்லிமீட்டரில்தான் முகத்தின் உயிர் இருக்கிறது. மூக்கின் நிழல் கன்னத்தில் விழும் ஓரத்தைக் கவனித்துப் பாருங்கள். கத்தியால் வெட்டியது போல இருக்காது. வெளிச்சப் பக்கத்தில் நுழைந்த சிவப்பு, நிழல் பக்கத்தில் கசிந்து வெளியே வருவதால் ஓரம் மென்மையாக, லேசான செம்மையோடு இருக்கும். சின்னச் சுருக்கங்களின் உள்ளேயும் இப்படியே ஒளி நிரம்பிவிடும். ஆக்கியின் முகத்தில் இந்தக் கசிவு இல்லை. அதனால் எவ்வளவு துல்லியமாக வரைந்தும் சாயம் பூசிய ஓடாகவே நிற்கிறது. ஏறக்குறைய மனிதன் போலவே இருக்கும் உருவம், பொம்மையைவிட அதிகமாக நம்மை நெருடும் என்று மாசாஹிரோ மோரி என்ற ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் 1970-லேயே எழுதினார். முடியும் சட்டையும் நிஜத்தை நெருங்க நெருங்க, அந்தக் கன்னம் மேலும் உறுத்துவது இதனால்தான்.

இந்தக் கசிவு தோலுக்கு மட்டும் சொந்தமில்லை. அக்கா தலையில் மல்லிகை வைத்திருந்தாள். ஒரு பூவை வாங்கி, இதழை நகத்தால் லேசாக நசுக்கிக் காட்டினேன். நசுங்கிய இடம் வெள்ளை போய்க் கண்ணாடி மாதிரி ஆனது. மல்லிகைக்குள் வெள்ளைச் சாயம் என்று எதுவும் கிடையாது. இதழின் செல்களுக்கு நடுவே இருக்கும் காற்று இடைவெளிகளில் ஒளி சிதறிச் சிதறித்தான் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. நசுக்கினால் காற்று போய்ச் சாறு நிரம்பும், சிதறல் நிற்கும், வெள்ளையும் போய்விடும். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மதுரை மல்லியின் நிறம், அடிப்படையில் காற்று. இதை முதன்முதலில் படித்த அன்று மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய் வெகுநேரம் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜிகர்தண்டா தம்ளரிலும் இது நடக்கிறது. பாலில் கொழுப்புத் துளியும் புரதத் துகளும் ஒளியைச் சிதறடிக்கின்றன. கொழுப்பு எடுத்த பால் லேசாக நீலம் ஓடித் தெரிவது மிஞ்சும் சின்னப் புரதத் துகள்களால், கெட்டிப் பால் வெண்ணெய் நிறத்தில் தெரிவது கொழுப்புத் துளிகளால். அடியில் கிடக்கும் பாதாம் பிசினுக்குள் அவ்வளவு துகள் இல்லை, ஒளி பாதி நேராகவே போய்விடும். ஒரே தம்ளரில் இரண்டு விதச் சிதறல்.

சரி, கணினிக்கு இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? ஒவ்வொரு ஒளித்துகளையும் நூற்றுக்கணக்கான மோதல் வழியாகத் துரத்திக்கொண்டு போகலாம். செய்தால் பதில் சரியாக வரும். ஆனால் 90 நிமிடம் பிடித்த ஃபிரேம் எத்தனை நாள் பிடிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஹென்ரிக் வான் யென்சன், ஸ்டீபன் மார்ஷ்னர், மார்க் லெவாய், பாட் ஹன்ரஹன் ஆகிய கணினி வரைகலை ஆய்வாளர்கள் நால்வர் 2001 ஆகஸ்டில் ஓர் ஆய்வுக் கட்டுரையில் ஒரு குறுக்குவழியைச் சொன்னார்கள். எனக்கு இந்த முழுக் கதையிலும் மிகவும் பிடித்த பகுதி இது.

திருவிழாக் கூட்டத்துக்கே திரும்புவோம். ஒவ்வொரு ஆளையும் பின்தொடர வேண்டாம். கூட்டம் போதுமான அளவு நெருக்கமாக இருந்தால், தண்ணீரில் மைத்துளி பரவுவது போலத்தான் மனிதர்களும் பரவுவார்கள். எந்தச் சந்தில் எத்தனை பேர் வெளியே வருவார்கள் என்பதை நுழைந்த இடத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதை வைத்தே சொல்லிவிடலாம். தோலுக்கும் அப்படியே: ஒளி விழுந்த புள்ளிக்குச் சற்றுக் கீழே, தோலுக்குள், ஒரு கற்பனை விளக்கை வைத்துவிடுகிறார்கள். அதிலிருந்து வெளிச்சம் எல்லாத் திசையிலும் பரவுகிறது.

ஆனால் ஒரு சிக்கல். தோலைத் தாண்டி வெளியே போன ஒளி மறுபடி உள்ளே வராது. உள்ளே இருக்கும் விளக்குக்கு அந்த எல்லை தெரியாது. அதற்காக, தோலுக்கு மேலே காற்றில், இன்னொரு கற்பனை விளக்கை வைக்கிறார்கள். இந்த விளக்கு வெளிச்சம் தராது, வெளிச்சத்தைக் கழிக்கும். கீழே கூட்டல் விளக்கு, மேலே கழித்தல் விளக்கு. இரண்டும் சேர்ந்து தோலின் எல்லையை ஒட்டிய ஒரு தளத்தில் கணக்கைப் பூஜ்யமாக்கிவிடும். இளநிலை இயற்பியல் படித்தவர்களுக்குப் பிம்ப மின்னூட்டம் ஞாபகம் வந்திருக்கும், அதே தந்திரம்தான். லட்சக்கணக்கான மோதல்களுக்குப் பதிலாக இரண்டு விளக்கு, ஒரு சூத்திரம். சிவப்புக்கு, பச்சைக்கு, நீலத்துக்கு என்று மூன்று முறை போட்டால் போதும். இல்லாத விளக்கை வைத்து, அதிலும் இருட்டைத் தரும் விளக்கை வைத்து, ஒரு கன்னத்துக்கு உயிர் கொடுத்த மனிதர்களை நினைத்தால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

படம் ஜூலையில், அவர்கள் ஆய்வுக் கட்டுரை ஆகஸ்டில். ஒரு மாத இடைவெளி. 2002 டிசம்பரில் வந்த, ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ வரிசையின் ‘த டூ டவர்ஸ்’ படத்தில் கோல்லம் என்ற உருவத்தின் தோலில் இந்த உள்சிதறலைப் பார்த்தோம். எலும்பும் தோலுமாக, அருவருப்பான உருவம். ஆனாலும் அது உயிருள்ளது என்று நம்பினோம். 2004-இல் யென்சன், மார்ஷ்னர், ஹன்ரஹன் மூவருக்கும் ஆஸ்கர் அமைப்பு தொழில்நுட்ப விருது கொடுத்தது.

இந்தக் கணக்கின் வேர் சினிமாவில் இல்லை. சிதறிக்கொண்டே போகும் ஒளி எப்படிப் பயணிக்கிறது என்பதை ஆழமாக ஆராய்ந்து 1950-இல் ஒரு முழுப் புத்தகமாக எழுதியவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த நம் சுப்பிரமணியன் சந்திரசேகர். அவர் யோசித்தது நட்சத்திரங்களின் வளிமண்டலத்தைப் பற்றி. நட்சத்திரத்தை அளந்து யாருக்கு என்ன லாபம் என்று அன்று யாரும் அவர் கையைக் கட்டிப்போடவில்லை. நான் படித்த கல்லூரியில் ஒளியியல் ஆய்வுக்கான ஒரே ஒரு சோடியம் விளக்கை மூன்று வகுப்புகள் பங்கு போட்டுக்கொண்டோம். அது புகையத் தொடங்கினால் அன்றைய ஆய்வு அவ்வளவுதான். கலெக்டர் அலுவலகத்துக்கு மனு எழுதுவது போல, ‘இதனால் மக்களுக்கு உடனடிப் பயன் என்ன’ என்று ஒவ்வொரு ஆராய்ச்சி விண்ணப்பத்திலும் கேட்கிறார்கள். உடனடிப் பயன் தெரியாத ஆராய்ச்சிக்கும் பணம் ஒதுக்க வேண்டும், தென்மாவட்டக் கல்லூரிகளுக்கும் ஒதுக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

தோலைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு இன்னொன்றைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. நம் நிறத்தைத் தீர்மானிக்கும் மெலனின் இருப்பது தோலின் மேலடுக்கில். அது ஒரு தாளின் தடிமன்கூட இருக்காது. அந்த நிறமியை உண்டாக்கும் செல்களின் எண்ணிக்கை எல்லா மனிதர்களுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். எவ்வளவு சுரக்கிறது, எந்த வகை என்பதில்தான் வித்தியாசம், அதை முக்கியமாக மரபணுக்கள் முடிவு செய்கின்றன. மாசமாக இருக்கும் பெண் குங்குமப்பூ பால் குடித்தால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்று இன்றும் நம் வீடுகளில் வாங்கிக் கொடுக்கிறார்கள். ஒரு இழை நிறம்கூட மாறாது. கறுத்த தோலில் உள்ளே போய்த் திரும்பும் ஒளி குறைவு, அதனால் மேற்பரப்பின் மினுக்கம் தூக்கலாகத் தெரியும். மத்தியான வெயிலில் சித்தாள் வேலை முடித்து நிழலுக்கு வரும் ஒரு பெண்ணின் நெற்றியையும் கன்ன எலும்பையும் பாருங்கள். அந்த மினுக்கை அப்படியே திரையில் கொண்டுவருவது எந்த கிராபிக்ஸ் கலைஞருக்கும் பெரிய சவால். அழகு என்றால் எனக்கு அதுதான்.

இதையெல்லாம் சொல்லி முடிக்கும்போது இருட்டிவிட்டது. அக்கா காபி போட உள்ளே போனாள். அக்கா மகள் படத்தை மறுபடி ஓடவிடவில்லை. டார்ச்சைக் காது மடலுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு பீரோ கண்ணாடி முன்னால் நின்றாள். காது முழுக்கச் சிவந்து எரிந்தது, ரத்தக் குழாய் ஒன்று மங்கலாக ஓடியது, தோட்டின் திருகாணி இருந்த இடம் மட்டும் ஒரு கறுப்புப் புள்ளி.